வேஸ்ட் என்ற சொல்லுக்கு வாகைநேரி கண்ட பொருள்

வாகைநேரிக் குப்பைக் கிடங்கில் வந்து விழுந்த முதல் மனிதர் குற்றாலிங்கம்தான் என்பதில் ஊருக்குள் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அவர் வந்ததை வேலுத்தாய் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, பஜார் பக்கத்து டிப்பர் லாரி கொட்டிவிட்டுப் போன ஈரக் குவியலின் உச்சியில், வெள்ளை வேட்டியும் திருநீறுமாக, வலது கையில் பிசைந்த குழம்புச்சோறு ஒழுக, சம்மணம் போட்டபடியே அவர் இருந்தார், மேலிருந்து விழுந்த மாதிரியும் இல்லை, கீழிருந்து முளைத்த மாதிரியும் இல்லை, கண்ணை ஒருதரம் மூடித் திறப்பதற்குள் அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

வேலுத்தாய்க்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாக அந்தக் கிடங்கில் இரும்புக் கொக்கியால் குப்பையைக் கிளறிப் பிரிக்கிற கூலி வேலை பார்த்துவந்தாள், அவள் கொக்கியில் மாட்டாதது எதுவும் இல்லை, கல்யாண ஆல்பம் மாட்டியிருக்கிறது, பொய்ப்பல் செட்டு மாட்டியிருக்கிறது, துணிப்பையில் சுற்றிக் கட்டிய பச்சைப் பிள்ளை இரண்டு தடவை மாட்டியிருக்கிறது. செத்த பிள்ளையைக் கையில் ஏந்தியவளுக்கு உயிரோடு வந்த பெரியவர் ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று அவர் கேட்டார், அவள் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினாள். அவர் ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போது மருமகளிடம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாராம், போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் தலையைத் தூக்கி, அப்பா நீங்க ஒரு வேஸ்ட் என்று சொன்னானாம், அடுத்த கணம் இங்கே இருந்தாராம்.

அவர் ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஈரத்தலையும் சோப்பு நுரையுமாக மறுபடி வந்து விழுந்தார். வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை விழுந்தபோது உடைந்த கக்கூஸ் பீங்கானில் தலை மோதி நெற்றி பிளந்துவிட்டது. வேலுத்தாய் காப்பித்தூளை வைத்து அழுத்தி, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள், வண்டி பிடித்து வீட்டில் விடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் குற்றாலிங்கம். "வீட்டுல இருந்தா எப்ப விழுவோமோ, எப்ப விழுவோமோன்னு பயந்துக்கிட்டே இருக்கணும். இங்க அந்தப் பயம் இல்ல."

இரண்டு வாரத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மனிதனைக் கீழே தள்ள வாகைநேரியில் ஏற்கெனவே எத்தனையோ சொற்கள் இருந்தன, தண்டச்சோறு, உதவாக்கரை, பூமிக்குப் பாரம், பீடை, இவையெல்லாம் நெஞ்சில் தைக்கும், ஏழு நாள் உறக்கத்தைக் கெடுக்கும், ஆனால் சொல்லப்பட்டவன் நின்ற இடத்திலேயே நிற்பான். வேஸ்ட் அப்படியல்ல. அது எப்போது ஊருக்குள் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை, டைம் வேஸ்ட் என்றும் கரண்ட் வேஸ்ட் என்றும் சோற்றை வேஸ்ட் பண்ணாதே என்றும் புழங்கிப் புழங்கி, எழுத்தறியாதவர் வாயிலும் வெற்றிலைபோலக் குதப்பப்பட்டுச் சொந்தச் சொல்லாகிவிட்டிருந்தது. பஜார் டீக்கடையில் இரண்டு கூட்டாளிகள் ஒருவரையொருவர் சோதித்துப் பார்த்தார்கள். குப்பை என்று சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே வேஸ்ட் என்று சொன்னாலும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பழைய பாகப்பிரிவினைப் பேச்சு வந்து, ஒருவன் முகத்தை மற்றவன் நேராகப் பார்த்து மனசாரச் சொன்னான், டம்ளர் மட்டும் தரையில் உருண்டது, ஆள் இல்லை. சட்டியையும் கட்டிலையும் அந்தச் சொல் அசைக்காது என்பதும் அன்றைக்கே தெளிவாயிற்று, சாமான்களுக்கு லாரி வேண்டும், மனுஷனுக்கு வார்த்தை போதும்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. மழைக்குப் பழகுவதுபோல, கரண்ட் போவதற்குப் பழகுவதுபோலப் பழகிக்கொண்டது. ஆட்டோ ஸ்டாண்டில் கிடங்கு டு பஜார் என்று பலகை மாட்டி ஆளுக்கு ஒரு முறை வைத்து ஓட்டினார்கள். சம்பந்தம் பேசப் போன இடங்களில், எங்கள் பெண்ணை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை மட்டும் சொல்லாதீர்கள் என்று பெண்வீட்டார் தட்டு மாற்றுமுன் சூடம் அடித்து சத்தியம் வாங்கினார்கள். பரீட்சை ரிசல்ட் வந்த நாளில் பத்தரை மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பதினான்கு பிள்ளைகள் ஆலங்கட்டி மழைபோல விழுந்தார்கள், ஒரு பெண்ணின் தொடையில் டியூப்லைட் குத்தி எலும்புவரைக்கும் இறங்கியிருந்தது, சாயங்காலம் பெற்றவர்கள் வந்து அழுது கூட்டிப்போனார்கள், மறுவருஷம் அதே பெற்றவர்கள் வரவில்லை. பெண்டாட்டியை அடிக்கிற ஆண்களுக்குக் கை வலிப்பது நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் உதடு கிழிந்து வருகிற பெண்கள் குறைந்தார்கள், அதைக் கண்டு நகராட்சித் தலைவி மங்கையர்க்கரசி சுதந்திர தினக் கொடியேற்றத்தில், வாகைநேரியில் வன்முறை பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்று பெருமையோடு பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள்.

விழுந்தவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று நகராட்சிக் கூட்டத்தில் இரண்டு மணிநேரம் விவாதம் நடந்தது. மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்பதே பிரச்சினை. மனிதன் என்றாவது மக்கத்தான் செய்வான் என்று மூத்த கவுன்சிலர் ஒருவர் சொன்னதை அனைவரும் ஏற்று, பச்சைக் கூடைப் பக்கம் சேர்த்துத் தீர்மானம் போட்டார்கள், கிடங்குக்குள் வந்த பொருள் யாவும் கிடங்கு ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்றும் அதிலேயே ஒரு வரி எழுதினார்கள்.

ஒப்பந்தக்காரன் அருமைராஜ் அந்த ஒரு வரியைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டான். கிடங்கைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி இரும்புக் கேட் போட்டான். விழுந்தவர்களைக் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை குப்பை பிரிக்க நிறுத்தினான், சுணங்கியவர்களை லாரி டியூபை வெட்டிச் செய்த வாரால் அடித்தான், அந்த வார் பட்ட இடத்தில் தோல் கிழியாது, சதை உள்ளுக்குள்ளேயே நைந்து கறுத்துப்போகும். வேலுத்தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது ஜெசிந்தா டீச்சர் வந்த பிறகுதான்.

ஜெசிந்தா டீச்சர் தனியார் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் இங்கிலீஷ் எடுத்தவர். தன் வகுப்பில் ஏழு பேர் ஃபெயிலானதற்காகத் தாளாளர் அசெம்ப்ளியில் மைக்கைப் பிடித்து அந்தச் சொல்லைச் சொல்ல, எண்ணூறு பிள்ளைகளின் கண்முன்னால் காணாமல்போய் இங்கே வந்து முழங்காலில் விழுந்தார். கூட்டிப்போக யாருமில்லை. குப்பை பிரிக்கும்போது வேலுத்தாய் அவரிடம், ஊரே சொல்கிற அந்த வார்த்தைக்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று கேட்டாள், டீச்சர் கையில் ஒட்டியிருந்த முட்டைத்தோட்டை உதறிவிட்டு, பெயர்ச்சொல்லாக வந்தால் கழிவு என்றும், வினைச்சொல்லாக வந்தால் நல்லதை வீணாக்குவது என்றும் சொல்லி, நம்மையெல்லாம் பெயர்ச்சொல்லாக்கிவிட்டார்கள், செய்தவர்கள் யார் என்று கேட்க ஆளில்லை என்று சிரித்தார். வேலை நேரத்தில் சிரிப்பு என்ன என்று அருமைராஜ் வந்து டீச்சர் முதுகில் வாரை வீசினான். இரண்டாம் வீச்சை வேலுத்தாய் கையால் பிடித்தாள். அவன் அவள் கையைப் பீப்பாய் விளிம்பில் வைத்து பூட்ஸ் காலால் மிதித்தான், இரண்டு விரல் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்தது.

பத்தடி தள்ளிப் புல்டோசரில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து அதைப் பார்த்தான். அவன் வேலுத்தாயின் தம்பி, தாய் தகப்பன் போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், ஏழு வருஷமாக அந்தக் கிடங்கில் குப்பையைத் தள்ளி மேடு கட்டுகிறவன். பார்த்தான், கியரைப் போட்டான், வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனான்.

ஐப்பசியில் நூற்பு மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. மூன்றாம் நாள் முதலாளி மாடியில் நின்று கேட்டுக்கு வெளியே இருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நீங்க மொத்தமும் வேஸ்ட் என்று சொன்னார், முப்பத்திரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒருவர் மேல் ஒருவராக, மூட்டை அடுக்கியதுபோல வந்து விழுந்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டு வேலுத்தாய் ஓடினாள், கொக்கியை எறிந்துவிட்டுக் கையாலேயே இழுத்தாள், ஒடிந்த விரலோடு இழுத்தாள், மேலே கிடந்தவர்கள் உயிரோடு வந்தார்கள், நடுவில் கிடந்தவர்கள் கையும் காலும் திருகி வந்தார்கள், அடியில் கிடந்த மூன்று பேர் கழுத்து ஒடிந்தும் மூச்சு நெரிந்தும் செத்திருந்தார்கள். அவர்களில் செல்லக்கனிக்குப் பத்தொன்பது வயது, வாயில் பஞ்சுத்தூசி படிந்திருந்தது, அந்த மில்லில் வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிணத்தை வெளியே விட்டால் கேஸாகிவிடும் என்று அருமைராஜ் சொன்னான். மேற்குச் சரிவில் தள்ளி மண் போட்டு மூடச் சொன்னான், பேச்சிமுத்து மூடினான். புல்டோசரின் தகட்டுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் பின்னல் ஒருதரம் மண்ணுக்கு மேல் வந்து திரும்ப உள்ளே போனதை வேலுத்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவள் தம்பிக்குச் சோறு போடவில்லை. ஒன்பது நாள் கழித்து அவன் வந்து அவள் சமைக்கிற இடத்தில் குத்தவைத்தான்.

"நான் என்னக்கா செய்ய? வண்டில ஏறுனா, தள்ளுன்னா தள்ளணும்."

"ஏல பேச்சி, அந்தப் புள்ள குப்பையா?"

அவன் எழுந்து போனான். அவள் தட்டை எடுத்து வைக்கவில்லை.

கார்த்திகையில் கிடங்கில் இருநூற்றுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மேற்கிலிருந்து காற்றடித்தால் அவர்களுடைய இருமலும் அழுகையும் வாகைநேரித் தெருக்களில் கேட்டது, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தும் கேட்டது, கிணற்றுத் தண்ணீரில் வாடை அடிக்கிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று மக்கள் மனுக் கொடுத்தார்கள். தங்கள் தகப்பனும் பெண்டாட்டியும் மகனும் அங்கே இருப்பதை யாரும் மனுவில் எழுதவில்லை. கிடங்கை முழுமையாகக் காலி செய்வது என்று நகராட்சி தீர்மானம் போட்டது, மங்கையர்க்கரசி கையெழுத்துப் போட்டார். எப்படிக் காலி செய்வது என்பதை அந்தக் காகிதம் சொல்லவில்லை, அருமைராஜுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் நான்கு ஆட்களோடும் டீசல் பீப்பாய்களோடும் வந்தான். வெளியே ஓர் ஆளை நிறுத்திக் கேட்டைப் பூட்டச் சொன்னான். ஆட்கள் மேட்டைச் சுற்றி டீசலை ஊற்றிக்கொண்டு போனார்கள். ஓரத்தில் நின்றவர்களை எல்லாம் புல்டோசரால் நெருக்கி நடுமேட்டுக்கு ஏற்று என்று பேச்சிமுத்துவிடம் சொன்னான். வண்டி உறுமிக்கொண்டு வந்தது, ஜனங்கள் பின்வாங்கினார்கள், கால் உடைந்த மில்காரர்கள் கையால் ஊர்ந்து பின்வாங்கினார்கள், குற்றாலிங்கம் ஊர்ந்தவர்களில் ஒருவரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போனார். வேலுத்தாய் மட்டும் நகரவில்லை. புல்டோசரின் தகடு அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

"ஏத்துல," என்றான் அருமைராஜ்.

"எங்கக்கா நிக்கா."

"நிக்கட்டும். ஏத்து."

பேச்சிமுத்து கையை லிவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அருமைராஜ் அவன் முகத்தைப் பார்த்தான், பார்த்து, மனசாரச் சொன்னான்.

"நீயும் ஒரு வேஸ்ட்டுதாம்ல."

பேச்சிமுத்துவின் உடம்பு சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி அதே சீட்டில் வந்து விழுந்தது. அந்தச் சொல்லுக்கு அவனைக் கொண்டுபோக வேறிடம் இல்லை, அவன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான், ஏழு வருஷமாக அங்கேதான் இருந்தான், விழுந்து முடித்த பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. அவன் அழுதானா என்று அப்புறம் பலர் வேலுத்தாயிடம் கேட்டார்கள். அழவில்லை. வண்டியை இடப்பக்கம் திருப்பினான்.

அருமைராஜ் ஓடினான். குப்பை மேட்டில் யாரும் ஓட முடியாது, பதினைந்தாம் அடியில் முழங்கால்வரை புதைந்தான், காலை உருவப் பார்த்தான், திரும்பிக் கையை முன்னால் நீட்டினான். தகடு முதலில் கையைத் தொட்டது. சங்கிலிச் சக்கரம் அவன்மேல் ஏறும்போது வண்டி கொஞ்சமும் குலுங்கவில்லை, ஈரக் குப்பையில் எல்லாமே மெத்தென்று உள்ளே போய்விடும், பேச்சிமுத்து பின்னால் வந்து மறுபடி ஏற்றினான், மூன்றாம் தடவையும் ஏற்றினான், அதன் பிறகு அங்கே ஆள் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, ஒரு பூட்ஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அவனுடைய ஆட்கள் பதறிப்போய் டீசலில் நெருப்பைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினார்கள், கேட் வெளியே பூட்டியிருந்தது, பூட்டியவன் புகையைக் கண்டதும் ஓடிப்போயிருந்தான். பிளாஸ்டிக் எரிகிற நெருப்பு நீலமாக எழும்பி ஒழுகிக்கொண்டே வரும், ஒட்டினால் தோலோடுதான் வரும். ஊர்ந்துகொண்டிருந்த மில்காரர்களை அது முதலில் பிடித்தது. குற்றாலிங்கம் தோளில் இருந்தவனை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், விடவில்லை, இரண்டு பேரும் ஒரே சுடராக எரிந்து உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்து வண்டியைச் சுவர்மேல் மோதினான், நான்காம் மோதலில் சுவர் சாய்ந்தது, அந்த வழியாக இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவாக வெளியே வந்தார்கள், தலையிலிருந்து கால்வரை கரிப்புகை அப்பி, கண்ணின் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களாக, ஒரே கறுப்பாக வந்தார்கள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லோரும் ஊரைப் பார்த்து நடந்தார்கள். சிலர் கையில் கொக்கி இருந்தது, சிலர் கையில் உடைந்த பாட்டில் இருந்தது, சிலர் தங்கள் கையைத் தாங்களே தூக்கிப் பிடித்திருந்தார்கள், அது வெந்து தொங்கியது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வாகைநேரி அவர்களைப் பார்த்துவிட்டது. மொட்டைமாடிகளில் ஜனம் ஏறி நின்று அந்தச் சொல்லைக் கத்தினார்கள். வேஸ்ட், வேஸ்ட் என்று ஆணும் பெண்ணும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவர்கூட மறையவில்லை. சொல்லுக்கு ஒரு முகம் வேண்டும், வந்துகொண்டிருந்தவர்களில் தன் தகப்பன் யார், தன் பெண்டாட்டி யார் என்று கரிக்குள் எவராலும் அடையாளம் பிடிக்க முடியவில்லை, சொல் அவர்கள் தலைக்கு மேலே சும்மா பறந்து போயிற்று.

பிறகு பயம் வந்தது. பயத்தில் மனிதன் பக்கத்தில் நிற்பவனைத்தான் திரும்பிப் பார்ப்பான். எல்லாம் உன்னால் வந்தது என்று ஒருவன் தம்பியிடம் சொன்னான், அன்றைக்கே உங்கப்பாவைக் கூட்டி வந்திருக்கணும் என்று ஒருத்தி புருஷனிடம் சொன்னாள், கவுன்சிலர்கள் தலைவியைச் சொன்னார்கள், தலைவி கவுன்சிலர்களைச் சொன்னார், வாக்கியம் எதில் ஆரம்பித்தாலும் அந்த ஒரு சொல்லில்தான் முடிந்தது, அவர்களுக்கு முகம் நன்றாகத் தெரிந்திருந்தது, ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் மனசாரவும் சொன்னார்கள். நடந்து வந்தவர்களுக்குக் கேட்டது இதுதான், முதலில் ஊர் முழுக்கக் கூச்சல், பிறகு பாதிக் கூச்சல், பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து குரல், பிறகு பஜாரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன்களின் சத்தம்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத தையல் மிஷின் ஒன்று தானாக ஓடி நின்றது. தொட்டில்களில் இருந்த பிள்ளைகள் மட்டும் அப்படியே இருந்தார்கள், அவர்களை யாரும் சொல்லவில்லை. வேலுத்தாய் தெருவின் நடுவில் நின்று, என்ன டீச்சர் நடந்திருக்கு என்று கேட்டாள்.

ஜெசிந்தா டீச்சர் இரண்டு பக்கத்துத் திறந்த கதவுகளையும் பார்த்தார்.

"இன்னொரு பிரயோகம் இருக்கு வேலுத்தாய். பாடத்துல வராது. ஒரு ஊரையே அடியோட பாழாக்குறதுக்கும் இங்கிலீஷ்ல அதுதான் வார்த்தை."

அப்போது மேற்கிலிருந்து காற்று அடித்தது, காற்றில் அலறல் வந்தது. வாகைநேரி முழுவதும் கிடங்கில்தான் விழுந்திருந்தது, தான் கேட்டு வாங்கிய நெருப்பின் நடுவில். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் அருகிலிருந்த வீட்டுக்குள் போய்ச் சோற்றை அள்ளித் தின்றார்கள். மில்காரன் ஒருவன் நன்றாகக் கேட்கட்டும் என்று ஃபேனை நிறுத்தினான். வேலுத்தாய் திரும்பி நடந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்தார், அவர்கள் நமக்குச் செய்ததை மறந்துவிட்டாயா என்று கேட்டார்.

"மறக்கல டீச்சர். எனக்கு எடுக்கத்தான் தெரியும். போட்டுட்டு நிக்கத் தெரியாது."

பேச்சிமுத்து அவளுக்கு முன்னால் ஓடினான். அவன் சுவரோரம் நின்ற புல்டோசரில் ஏறி மண்ணை வாரி நெருப்பின்மேல் தள்ளித் தள்ளிப் பாதை போட்டான், அவள் அந்தப் பாதையில் போய் இழுத்துக்கொண்டு வந்தாள், காலைப் பிடித்து, தலைமுடியைப் பிடித்து, கொக்கியை இடுப்புத் துணியில் மாட்டி இழுத்தாள், பிடித்த இடத்தில் சில பேருக்குத் தோல் கையோடு வந்தது. பிறகு அவளோடு பத்துப் பேர் சேர்ந்தார்கள், பிறகு ஐம்பது பேர். இழுத்ததில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். இழுக்க முடியாதவர்கள் மூன்று நாள் எரிந்தார்கள். நகராட்சித் தலைவி மங்கையர்க்கரசியைக் கொண்டையைப் பிடித்து இழுத்தது வேலுத்தாய்தான், இழுக்கும்போது அது யாரென்று அவள் பார்க்கவில்லை.

பிழைத்த ஊர் மெல்ல வீடு திரும்பியது. அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை, கரண்ட் வீணாகிறது என்கிறார்கள், சோற்றைக் கொட்டாதே என்கிறார்கள். ஆனால் பேச்சிமுத்துமேல் கேஸ் வந்தது. தீ வைத்தவன் பெயர் தெரியவில்லை என்று எழுதினார்கள், அருமைராஜைக் கொன்றவன் பெயர் தெரிந்திருந்தது. முகத்தில் பாதி வெந்துபோயிருந்த மங்கையர்க்கரசி, தான் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூட்ஸைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார், அது பொய்யில்லை.

கூண்டில் ஏறிய பேச்சிமுத்து எதையும் மறுக்கவில்லை. அருமைராஜ்மேல் ஏற்றியது நான்தான் என்றான். அதற்கு முன்னால் மில்லில் இருந்து வந்து செத்த மூன்று பேரை மேற்குச் சரிவில் போட்டு மூடியதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். அப்படி மூன்று பேர் காணாமல் போனதாகப் புகாரே இல்லை, அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று நீதிபதி சொன்னார். அவன் திரும்பவும் சொன்னான். உட்காரச் சொன்னார்கள். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், ஒரு சாவுக்கு.

போலீஸ் வேனில் ஏறுமுன் வேலுத்தாய் அவனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள். விலங்கு போட்ட கையால் அவனுக்குப் பிசைய முடியவில்லை, அவளே உருட்டிக் கொடுத்தாள். நாலு வாய் தின்றுவிட்டு, "மேக்காலயிருந்து மூணாவது மின்கம்பம், அதுக்கு நேர் கீழ, அக்கா," என்றான். அவள் தலையாட்டினாள்.

எரிந்து இறுகிய குப்பை பாறையாகிக் கிடந்தது. அவள் கடப்பாரையும் கொக்கியுமாகப் போய் மூன்றாவது மின்கம்பத்துக்கு நேர் கீழே தோண்டத் தொடங்கினாள், வளைந்து ஒட்டிப்போன இரண்டு விரலோடு தோண்டினாள், முதல் வாரம் தனியாகத் தோண்டினாள், இரண்டாம் வாரம் ஜெசிந்தா டீச்சர் வந்து மண்ணை அள்ளிப் போட்டார். இருபத்தாறாம் நாள் மூன்று பேரும் கிடைத்தார்கள். நெருப்பு அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கவில்லை, பின்னல் பின்னலாகவே இருந்தது. வேலுத்தாய் மூன்று புதுச்சேலையில் தனித்தனியாகக் கட்டி, நகராட்சித் தள்ளுவண்டியில் வைத்து, காலை பத்து மணிக்குப் பஜார் வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மங்கையர்க்கரசி தன் வீட்டு வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றார். வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

கோர்ட் வாசலில் சென்ட்ரி நின்ற போலீஸ்காரர் வண்டியை மறித்து, உள்ளே குப்பை கொண்டுவரக் கூடாது, இது என்ன என்று கேட்டார்.

வேலுத்தாய் வண்டியை நிறுத்தினாள்.

"இது செல்லக்கனி. பத்தொன்பது வயசு. இது இசக்கியம்மா, முப்பத்தாறு, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. இது மாடசாமி, அம்பது, மில்லுல லைன் மேஸ்திரி. எழுதிக்கிடுங்க ஐயா. எழுதுற வரைக்கும் நிக்கேன்."